கறுப்புக் காரும் ஐப்பசி மழையும்

கறுப்புப் பொருளை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று ரசனை, இன்னொன்று பொறுமை. முதல் குணம் இருப்பதனால்தான் வாங்குகிறார்கள். இரண்டாவது போதாமல்தான் பிறகு விசனப்படுகிறார்கள். கறுப்புப் புடவையில் ஒரு துளி பஞ்சு ஒட்டிக்கொண்டால் போதும், எதிரே வருகிற அத்தனை பேர் கண்ணும் அங்கேதான் வந்து நிற்கும். கறுப்புக் கார் அதைவிட மோசம். புடவையையாவது உதறிவிடலாம், காரை உதற முடியுமா?

"பெண்கள் படிக்கிற பக்கத்தில் காருக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் கார்ச் சாவி பெண்களின் கைப்பையில்தான் இருக்கிறது. அப்படி இல்லாத வீடுகளிலும் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். காரைத் துடைக்கும் துணி எங்கிருந்து வருகிறது? உங்கள் பழைய புடவையிலிருந்துதான்! துணி நம்முடையது என்றால், அதனால் விழுகிற கீறலிலும் நமக்குப் பங்கு உண்டு அல்லவா?

சென்ற வருஷம் புரட்டாசிக் கடைசியில், லோயர் கேம்ப்பில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். லோயர் கேம்ப் என்றதும் பட்டாளத்தார் கூடாரம் அடித்திருக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வந்துகொண்டே இருந்தால், பள்ளத்தாக்கு முடிந்து மலை எழுந்து வழி மறிக்கிறதே, அந்த இடம்தான் லோயர் கேம்ப். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின்நிலையத்தைச் சுழல வைத்துவிட்டு வயல்களுக்குப் போகிறது. அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்குக்கு 2013-ல் திறந்து வைத்த மணிமண்டபமும் இங்கேதான். இங்கிருந்து வளைந்து வளைந்து மலையேறினால் குமுளி. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் இரவு பகலாக இந்த வழியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஊருக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழியில் பனி. இரண்டும் சேர்ந்ததுதான் குளிர்காலம். அது வருவதற்கு முன் கூரையைச் சரி பார்க்கிறோம், விறகை உள்ளே எடுத்து வைக்கிறோம், கம்பளியை வெயிலில் போடுகிறோம். வாசலில் நிற்கிற காரை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

என் மாமா அப்படிப்பட்டவர் அல்ல. அவர் அதிகமாகவே நினைக்கிறவர்!

மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, பட்டறையில் விட்டுக் கறுப்பு வர்ணம் அடித்து வைத்திருக்கிறார். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957-ல் தொடங்கி 2014 வரை தயாரான கார் அது. இப்போது புதிதாக வாங்கக் கிடைக்காது என்பதனால் அவருக்கு அதன் மேல் பிரியம் இன்னும் கூடிப் போயிருந்தது. காலை ஆறு மணிக்குக் காப்பி குடித்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். கார் மேல் படிந்திருக்கும் தூசியைத் துண்டால் தட்டி, பிறகு அதே துண்டால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். பேரப்பிள்ளைக்குத் தலை துவட்டி விடுவது போல அத்தனை அருமையாகத் துடைப்பார். மழையானாலும் பனியானாலும் இது தப்பாது.

நான் போயிருந்த அன்றும் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக் கதவின் மேல் விழுந்ததும் நான் பார்த்தேன். சூரியனுடைய பிம்பத்தைச் சுற்றி ஒரு பெரிய சிலந்தி வலை! மெல்லிய கீறல்கள், ஆயிரக்கணக்கில். அவற்றுக்கு இடையே கறுப்பு நிறம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அத்தை என்னைச் சமையலறைக்குள் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"தையில கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ளைய இந்தக் கார்லதான் கூட்டிட்டு வருவேன்னு உங்க மாமா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கல்யாணத்துக்குக் கறுப்புக் காராண்ணு சம்பந்தி வீட்ல ஒரு பேச்சு வந்துச்சு. கோயில்ல இருக்கிற சாமியே கருங்கல்லுதானேன்னு சொல்லி அவங்க வாய அடச்சிட்டாரு. இப்ப பட்டறையில கேட்டா, மொத்தப் பெயிண்டையும் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும்ங்கிறாங்க. அவங்க சொல்ற பணத்துக்குப் பிள்ளைக்கு ஒரு ஜோடி வளையல் எடுத்துறலாம். வளையலா, வர்ணமா? நீயே சொல்லும்மா."

வளையல் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லத் துணிவில்லை.

எதிர் வீட்டில் ஒரு டிரைவர் அண்ணன் இருக்கிறார். குமுளிச் சாலையில் பல வருஷம் டாக்சி ஓட்டியவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டு வரச் சொல்லி, கதவின் மேல் மெதுவாக ஊற்றினார். தண்ணீர் ஓடிய இடமெல்லாம் கதவு நாவல்பழம் போல மின்னியது!

"பாத்தீங்களா அக்கா? பெயிண்ட் சாகல. மேல் தோல்தான் காஞ்சு கீறிப் போச்சு. தண்ணி அந்தக் கீறல நிரப்பின உடனே உள்ள இருக்கிற நெறம் தெரியுது. கையால பாலீஷ் போட்டாலே வந்துரும்" என்றார்.

"கீறுனது யாரு? நான் தினமும் துடைக்கிறேனே!" என்றார் மாமா.

டிரைவர் அண்ணன் மாமாவின் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார். மரியாதைக்காக வேறொன்றும் சொல்லவில்லை.

காரணம் அதுதான். தூசி என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் பொடி மணல் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைக்கும்போது துணி மணலை எடுத்துவிடுவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. பனி பெய்த காலையில் துடைத்தால் இன்னும் கெடுதல். அந்த ஈரம் தூசியைக் குழைத்துச் சேறாக்குமே ஒழிய, கழுவிக்கொண்டு போகும் அளவு இருக்காது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் விழத்தான் செய்கிறது. வெள்ளை, ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புவதால் அதற்குள்ளே கீறல் மறைந்துவிடுகிறது. கறுப்போ ஒளியை விழுங்கிவிடும். கீறலின் விளிம்பு மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் கறுப்பில் விழுந்த கீறல், கரும்பலகையில் சாக்குக் கட்டியால் எழுதியது மாதிரி தெரிகிறது.

மறுநாள் சனிக்கிழமை. அதிகாலையிலேயே வேலையைத் தொடங்கினோம். டிரைவர் அண்ணன் சொல்லச் சொல்ல, அத்தையும் நானும் அத்தை மகளும் செய்தோம். மாமா மேற்பார்வை.

முதல் பாடம் குளிப்பாட்டுவது. காரை நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடான தகட்டில் சோப்புத் தண்ணீர் காய்ந்து திட்டாகிவிடும். துணி படுவதற்கு முன் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாகத் தாராளமாக விட வேண்டும். தூசியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓர் இடத்தைத் துடைத்ததும், முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அழுக்கை அங்கே விட்டுவிட்டுத்தான் மறுபடி சோப்பு வாளிக்கு வர வேண்டும். ஒரே வாளியாக இருந்தால் கூரையில் எடுத்த மணலைக் கதவில் தேய்த்த கதைதான்.

பாத்திரம் துலக்கும் சோப்பும் பொடியும் வேண்டவே வேண்டாம். அவை எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கென்றே உண்டானவை. காரின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும். தேங்காய் நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வட்டம் வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோடாகத் துடைப்பது நல்லது. தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் ஒரு பக்கமிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும். சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் கடைசியில், தனித் துணியால் கழுவ வேண்டும்.

துணி விஷயத்தில் அத்தைக்குத் தனி அறிவு உண்டு. "ஜரிகைக் கரை இருக்கிற துணி ஆகாது. பித்தான், மடிச்சுத் தச்ச ஓரம், ஒண்ணும் இருக்கக் கூடாது. பழைய பனியன்தான் சரி" என்றாள். உண்மைதான். இப்போது கடைகளில் கிடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணி இன்னும் உத்தமம். அதன் மெல்லிய இழைகள் பொடியைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதைத் தலையணை உறையோடும் துவாலையோடும் சேர்த்துத் துவைத்தால் பஞ்செல்லாம் அதில் ஏறிவிடும். தனியாகத் துவைத்துத் தனியாக உலர்த்துங்கள். கீழே விழுந்த துணி எதுவானாலும் துவைக்காமல் மறுபடி காரின் மேல் வைக்கக் கூடாது.

கழுவியதும் காற்றில் காயட்டும் என்று விட்டுவிடுவது இன்னொரு தப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப் போகும். கறுப்பின் மேல் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும். பெரிய துணியை விரித்துப் போட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். புதிதாக விழுந்த வெள்ளை வட்டமானால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து உடனே கழுவினால் போய்விடும்.

அத்தனையும் முடிந்த பிறகு டிரைவர் அண்ணன் ஒரு வேடிக்கை காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைக்கு உறை போல மாட்டிக்கொண்டு, கழுவிய தகட்டின் மேல் தடவிப் பார்க்கச் சொன்னார். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம், பைக்குள் இருந்த விரலுக்கு ரவையைத் தடவினது போல் சொரசொரவென்றிருந்தது! மரத்துப் பிசின், தார்ப் பொடி, பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் எல்லாம் வர்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். இதற்கென்றே ஒரு செயற்கைக் களிமண் கட்டி விற்கிறது. தகட்டில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, இந்தக் கட்டியை அழுத்தாமல் வழுக்க விட்டால் சொரசொரப்பு அதில் ஏறிக்கொள்ளும். சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்துப் புதுப் பக்கத்தால் தேய்க்க வேண்டும். கை தவறி மண்ணில் விழுந்துவிட்டால் தூர எறிந்துவிட வேண்டியதுதான். காசு போனாலும் வர்ணம் பிழைக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். பாலீஷ் என்பதையும் மெழுகு என்பதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சீயக்காய் தேய்ப்பதும் எண்ணெய் வைப்பதும் ஒன்றாகுமா? பாலீஷ் சீயக்காய் மாதிரி; தேய்த்து எடுப்பது. கீறலின் விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்குகிறபோது வர்ணத்திலும் ஒரு நுண்ணிய அளவைக் கொண்டுபோகிறது. மெழுகு எண்ணெய் மாதிரி, மேலே பூசுவது. எண்ணெய் தினமும் வைக்கலாம். சீயக்காயைத் தினமும் தேய்த்தால் தலையில் என்ன மிஞ்சும்?

பட்டாணி அளவு பாலீஷை ஈரத் துணியில் எடுத்து, இரண்டு ஜாண் அகலத்துக்கு மட்டும் தேய்த்து, அதைத் துடைத்துப் பார்த்த பிறகே பக்கத்து இடத்துக்குப் போக வேண்டும். அத்தை ஒரு கதவில் தொடங்கினாள். சிறிது நேரத்தில் "ஐயோ, சாயம் போகுதே!" என்று அலறினாள். துணியெல்லாம் கறுப்பு. புதுப் புடவையின் முந்தானையை நனைத்துப் பார்க்கும்போது வருகிற அதே பயம்!

பயப்பட வேண்டியதில்லை. பட்டறைக்காரர்கள் டூகோ என்று சொல்கிற பழைய வகை வர்ணத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். காய்ந்துபோன மேல் தோல் வரும்போது துணியில் நிறம் ஒட்டத்தான் செய்யும். இப்போது வருகிற கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல நிறமற்ற இன்னோர் அடுக்கு இருக்கிறது. அதைத் தேய்த்தால் துணியில் நிறம் வராது. அப்படிப்பட்ட காரில் நிறம் வந்தால்தான் பயப்பட வேண்டும்; மேல் அடுக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அடுக்கின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் பருமன்கூட அநேகமாக அதைவிட அதிகம்.

அரை மணி நேரத்தில் அந்தக் கதவு ஒன்று மட்டும் கறுப்பாகிவிட்டது. அதில் தன் முகத்தைப் பார்த்து அத்தை மகள் நெற்றிப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். பழைய கதவுக்கும் புதுக் கதவுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் மாமாவுக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் காப்பி குடிக்க உள்ளே போயிருந்தோம். டூகோ என்ற பெயர் எப்படி வந்தது என்பதை அத்தை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதியில் கார்களுக்கும் குதிரை வண்டிகளைப் போலவே கையால் வார்னிஷ் பூசினார்கள். பூசுவது, காயவைப்பது, தேய்ப்பது, மறுபடி பூசுவது என்று ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம்முடைய 'மாடல் டி' காரை 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றில்தான் விற்றார். கறுப்பு மலிவு, உழைக்கும், வேலையும் சீக்கிரம் முடியும் என்பதுதான் காரணம். 1920-களில் டூபாண்ட் கம்பெனியார் சீக்கிரம் உலரும் 'டூகோ' என்ற வர்ணத்தைக் கொண்டு வந்த பிறகுதான் பல நிறக் கார்கள் எளிதாயின. அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் நிலைத்திருக்கிறது.

கதை முடிந்து வெளியே வந்தால், மாமா முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். கையில் பாலீஷ் இல்லை. பட்டறையிலிருந்து என்றைக்கோ வாங்கி வைத்திருந்த ரப்பிங் காம்பவுண்டு! அது மணல் கலந்தது போன்ற முரட்டுப் பசை. மட்கார்டின் விளிம்பில், சட்டை எலும்பு போல் எடுப்பாக இருக்கிற இடத்தில், ஒரே இடமாகப் போட்டுத் தேய்த்திருக்கிறார். கறுப்பு போய், அடியில் பூசியிருந்த ரெட் ஆக்ஸைடு எட்டணாக் காசு அளவுக்குச் செக்கச் செவேலென்று தெரிந்தது.

யாரும் பேசவில்லை. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் வருதேன்னு பார்த்தேன்" என்றார்.

விளிம்பிலும் மடிப்பிலும் வர்ணம் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும். அங்கே பாலீஷ் போடாமல் தவிர்ப்பதே உத்தமம். போடத்தான் வேண்டுமென்றால் அந்த வரம்பின் மேல் ஒட்டுத் தாளை ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் செய்ய வேண்டும். போன வர்ணத்தைத் தேய்த்துத் திரும்பக் கொண்டுவர உலகத்தில் எந்தப் பசையும் கிடையாது. டிரைவர் அண்ணன் ஒரு சின்னத் தூரிகையால் அந்த இடத்தில் கறுப்பை வைத்து மூடினார், துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று. பக்கத்துக் கறுப்போடு அது சேரவில்லை. கிட்டத்தில் பார்த்தால் தெரியத்தான் தெரிந்தது. மாமா அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெழுகு. காருக்குப் போடும் மெழுகில் சிறந்தது 'கார்னாபா' என்று சொல்வார்கள். பிரேசில் நாட்டின் வடகிழக்கில், மழை குறைந்த பூமியில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறட்சிக் காலத்தில் ஓலையின் ஈரம் ஆவியாகிப் போகாமலிருக்க அந்த மரம் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. தேன் மெழுகு 60 டிகிரி செல்ஷியஸைத் தாண்டியதுமே உருகிவிடும். இது உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகையால் வெயிலில் நிற்கும் கறுப்புத் தகட்டின் சூட்டையும் தாங்குகிறது. உதட்டுச் சாயத்திலும், மிட்டாய், மாத்திரைகளின் மேல் பூச்சிலும்கூட இதே மெழுகு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மெழுகு போடுவதில் தாராளம் கூடாது. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாகத் தடவ வேண்டும். கனமாகப் பூசினால் காவல் கூடாது; துடைக்கிற வேலைதான் கூடும். பூசிய இடம் பனி படர்ந்தது போல மங்கியதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் பக்குவம். உடனே வேறு சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரு மெல்லிய பூச்சுக்குப் பிறகு இன்னொரு மெல்லிய பூச்சு. கறுப்பு ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வெள்ளையாகக் காய்ந்து பல்லை இளிக்கும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இந்தக் காவல் ஒன்றரை, இரண்டு மாதம் நின்றால் அதிகம். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை போட்டால் குளிர்காலம் கடந்துவிடும்.

இந்தச் சிரமமே வேண்டாம் என்று மண்ணெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ துடைத்து மினுக்குகிறவர்கள் உண்டு. அது ஒரு வேளைப் பளபளப்பு. சாயங்காலத்துக்குள் ஊர்த் தூசி முழுவதும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'செராமிக் கோட்டிங்' என்று பூசுகிறார்களே, அது மெழுகைவிட நெடுநாள் நிற்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அதன் மேலும் உலர்ந்த துண்டைப் போட்டுத் தேய்த்தால் சிலந்தி வலை விழத்தான் விழும்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. நம் பக்தியில் காருக்குப் பங்கு கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் விபூதி என்பது சாம்பல் பொடி. அதை மறுநாள் உலர்ந்த துணியால் துடைத்தால் பாலீஷ் போட்ட புண்ணியம் அத்தனையும் போய்விடும். சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் பல நாள் காய்ந்து கிடந்தால் கறை பிடிக்கும். மாலை கட்டிய கம்பி காற்றில் ஆடி ஆடிக் கோடு கிழிக்கும். ஆகையால் மெழுகு முதலில், பூஜை பிறகு. பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. அன்று மாலையே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். சபரிமலைக்குப் போய் வந்த வண்டிக்கும் இதே சிகிச்சைதான்.

ஐப்பசி முதல் வாரத்தில் மலையிலிருந்து மழை இறங்கியது. அத்தை டெலிபோனில் சொன்னாள்: "தண்ணி ஒட்டவே இல்லம்மா! தாமரை இலையில உருள்ற மாதிரி முத்து முத்தா ஓடுது. உங்க மாமா நாற்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு." முத்து முத்தாக நிற்கும் வரை மெழுகு இருக்கிறது. தண்ணீர் பாய் விரித்தாற்போல் பரவினால் மறுபடி போடும் நாள் வந்துவிட்டது.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. சக்கரத்தின் மேல் வளைவுக்குள் அப்பியிருக்கும் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். துரு அங்கேதான் குடியேறும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும்; அவை இலை, மண் அடைத்துக்கொள்ளாமல் பாருங்கள். அழுக்குக் காரின் மேல் உறை போடாதீர்கள். காற்றில் உறை அசையும்போது அதுவே அரக்கித் தேய்க்கும். நனைந்த உறையையும் நாள் கணக்கில் விடாதீர்கள். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போட்டு, ஊறிய பிறகு தூக்கி எடுங்கள். மார்கழிப் பனியைத் துண்டால் துடைக்கவே துடைக்காதீர்கள். கழுவ நேரம் இருந்தால் கழுவுங்கள். இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். சும்மா விடுவதும் ஒரு பராமரிப்புத்தான்.

இதுதான் மாமாவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்ததாம். முதல் வாரம் காலையில் துண்டோடு இறங்கி, காரைச் சுற்றி வந்து, துடைக்காமல் திரும்பிவிடுவாராம். பிறகு அத்தை ஒரு வழி செய்தாள். துண்டுக்குப் பதிலாகக் கையில் ஒரு பூவாளியைக் கொடுத்து, ரோஜாச் செடிகளை ஒப்படைத்துவிட்டாள்.

தையில் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் கையில் புது வளையல் இருந்தது. வாசலில் கறுப்புக் காரும் தயாராக இருந்தது. மண்டப விளக்குகள் வரிசையாக அதன் கதவில் எரிந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையை அழைத்து வரப் புறப்படும் நேரம். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு முன்சக்கரத்துப் பக்கம் போய், மட்கார்டின் விளிம்பில், சரியாக எட்டணா அளவுக்குச் சந்தனத்தை வைத்து, நடுவே குங்குமம் இட்டாள்.

"அங்க வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றார் மாமா.

"அங்க இனிமே கெடுறதுக்கு என்னங்க இருக்கு?" என்றாள் அத்தை. "வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நேரமாச்சு."